கடைப் பரணுக்குத் தண்டவாளம்: துளை போடும் முன் கவனிக்க வேண்டியவை

நம் ஆரணிக் கடைத்தெருவில் பத்தடி அகலக் கடை கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்குள் எண்ணெய் டின், பருப்பு மூட்டை, அரிசிச் சிப்பம் எல்லாம் அடுக்கி, வாடிக்கையாளர் நிற்கவும் இடம் விட வேண்டும். பக்கவாட்டில் போக வழியில்லாதபோது மேலே போகிறோம். அதாவது பரண் போடுகிறோம். பரணுக்கு உத்திரம் வேண்டும். புதுக் கர்டர் விலையைக் கேட்டுவிட்டுக் காயலான் கடைப் பக்கம் திரும்பி, கடைசியில் பழைய தண்டவாளத்தில் வந்து நிற்பவர்கள் நம்மில் பலர். பழைய கட்டடங்கள் சிலவற்றில் மேல்தளத்தையே தண்டவாளங்கள்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

தண்டவாளம் வாங்கியாயிற்று, சுவரில் ஏற்றியாயிற்று. பலகைச் சட்டத்தைப் பிடிக்கவோ, ஷட்டர் பெட்டியைத் தாங்கும் கோண இரும்பை இணைக்கவோ நாலைந்து இடத்தில் போல்ட் போக வேண்டும். அந்தத் துளையை எப்படிப் போடுவது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. துளை சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதன் கீழே நாள் முழுவதும் நிற்பவர்கள் நாமும் நம் கடைப் பையன்களும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பரண் போட்டபோது நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த ஆள் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தார். "கேஸ் வைத்தால் ஒரு துளைக்கு ஒரு நிமிஷம், அண்ணாச்சி" என்றார். நமக்கும் அவசரம், மறுநாள் வெள்ளிக்கிழமை, வியாபார நாள். சரி என்றோம். நான்கு துளைகளும் சொன்னபடியே பத்து நிமிடத்தில் முடிந்தன. கடையை மூடி வீட்டுக்குப் போனோம். விடியற்காலையில் எதிர்க்கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஷட்டர் இடுக்கில் புகை. உள்ளே மூலையில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளுக்கு நடுவே விழுந்த ஒரு பொறி இரவெல்லாம் கனன்றுகொண்டிருந்திருக்கிறது. பத்துப் பதினைந்து சாக்கும் ஒரு மூட்டை மிளகாயும் போயின, கடை தப்பியது. அன்று மாலை தண்டவாளத்துளைகளைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தீயைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. துளையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தண்டவாளத்திலே நெருப்பு வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் சொல்லித்தான் ராட்செட் டிரில் என்ற கருவி நமக்குத் தெரிய வந்தது.

தண்டவாள இரும்பும் சாதாரணக் கர்டர் இரும்பும் பார்வைக்கு ஒன்றுதான், குணத்தில் வேறு. நாம் வாங்கும் கர்டர் மென் எஃகு. அதில் கரிச்சத்து 0.2 சதவீதத்தை ஒட்டியிருக்கும். தண்டவாளத்திலோ ஏறத்தாழ 0.5 முதல் 0.8 சதவீதம் வரை உண்டு. சக்கரங்கள் உருண்டு தேயாமலிருக்க அந்தக் கடினம் தேவை. ஆனால் கரிச்சத்து கூடிய எஃகைச் சிவக்கச் சூடாக்கி, சட்டென்று குளிர விட்டால் என்ன ஆகும் என்பது கொல்லுப் பட்டறையில் உளிக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி போல் கடினமாகி, கண்ணாடி போலவே உடையும். கேஸ் சுடரால் தண்டவாளத்தில் துளையிடும்போது நடப்பதும் அதுவே. தண்ணீரில் தோய்க்க வேண்டியதே இல்லை. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பே சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், துளையின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்று இறுகிவிடும். கேஸ் வெட்டிய விளிம்பு பல் பல்லாகவும் இருக்கும். இறுகிய வளையமும் பல் விளிம்பும் சேர்ந்தால் விரிசல் பிறக்க வேறென்ன வேண்டும்?

இன்னொரு வேற்றுமையையும் மனத்தில் வைக்க வேண்டும். மென் எஃகுக் கர்டர் தாங்க முடியாத பாரம் வந்தால் முதலில் தொய்யும். பலகை சாயும், காரை உதிரும், நமக்குத் தெரிந்துவிடும். விரிசல் விட்ட தண்டவாளம் அப்படி முன்னறிவிப்புத் தராமலே போகக்கூடும். மேலிருந்து ஒரு மூட்டையைத் 'தொப்' என்று போடும் அதிர்ச்சியே போதும்.

துளையில் பிறக்கும் விரிசல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரயில் உலகில் மறக்க முடியாத உதாரணம் உண்டு. 1967 நவம்பர் 5-ஆம் தேதி லண்டனில் ஹிதர் கிரீன் என்ற இடத்தில் ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டு 49 பேர் மாண்டனர். தண்டவாள இணைப்பில் போல்ட் துளையில் தொடங்கிய விரிசல் வளர்ந்து, தண்டவாளத்தின் நுனி உடைந்ததே காரணம் என்று கண்டார்கள். அது முறையான இணைப்பில் இருந்த துளைதான். ரயில் சக்கரங்கள் ஓயாமல் இடித்ததால் விரிசல் வளர்ந்தது. நம் பரண் மேல் ரயில் ஓடப்போவதில்லை என்பது உண்மை. என்றாலும் துளை விளிம்பு பற்றி ரயில்வேக்காரர்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். தண்டவாளத்தில் போல்ட் துளையை டிரில் செய்துதான் போட வேண்டும், கேஸ் வைக்கக் கூடாது, போட்ட பின் விளிம்பையும் மழுக்கிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

இனி கருவிக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது நமக்குப் பக்கத்திலுள்ள வாலாஜா ரோட்டுக்குத்தான். அந்தக் காலத்துப் பாதைகளில் மின்சாரம் ஏது? நடு வெயிலில், ஊருக்கு வெளியே, தண்டவாளத்தில் துளையிட வேண்டுமென்றால் கைதான் இயந்திரம். தச்சருடைய துரப்பணம் மரத்தில் செய்வதை இரும்பில் செய்ய வந்த கருவி ராட்செட் டிரில்.

அதன் அமைப்பு எளிது. நடுவில் ஒரு பற்சக்கரம். அதைப் பிடித்திருக்கும் நீளமான கைப்பிடி. கீழே டிரில் பிட் செருகும் சதுரக் குழி. மேலே ஒரு திருகு, அதன் தலை கூராக இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் இழுத்தால் பிட் சுற்றும். திருப்பித் தள்ளும்போது பிட் அசையாது. 'கட கட' என்ற சத்தத்தோடு கைப்பிடி மட்டும் பழைய இடத்துக்கு வரும். சைக்கிள் பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் சுற்றாமல் சத்தம் மட்டும் வருகிறதல்லவா, அதே சூட்சுமம். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் தறியிலேயே இருக்கிறது. நெய்த துணியைச் சுற்றும் உருளை பின்னால் கழன்றுவிடாமல் ஒரு பற்சக்கரமும் அதில் விழும் நாக்கும் பிடித்து நிறுத்துகின்றன. பட்டுச் சேலையை விறைப்பாக நிறுத்தும் அந்த ஏற்பாடுதான் இங்கே இரும்பைத் துளைக்கிறது.

முழு வட்டம் சுற்ற வேண்டாம் என்பதே இதன் பெரிய லாபம். சுவருக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருக்கிறதென்றாலும், கைப்பிடியைக் கால் வட்டம் இழுத்து இழுத்து விட்டே வேலையை முடிக்கலாம். கைப்பிடி ஒன்றரை அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான பிட்டின் ஓரம் மையத்திலிருந்து அரை அங்குலத்துக்கும் குறைவு. ஆகவே நம் கைவிசை சுமார் நாற்பது மடங்காகி வெட்டும் முனைக்குப் போய்ச் சேருகிறது. மெலிந்த ஆளும் செய்யலாம், பொறுமைதான் வேண்டும்.

ஆனால் சுற்றினால் மட்டும் இரும்பு துளையாது. பிட் இரும்பின் மேல் அழுந்தியிருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மேலேயுள்ள திருகு. திருகின் கூர்த்தலை எதன் மேலாவது முட்டி நிற்க வேண்டும். ரயில்வேயில் இதற்கென்றே தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் வளைந்த இரும்புத் தாங்கி உண்டு. திருகு அதில் முட்டிக்கொள்ளும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை திருகைச் சிறிது இறுக்கினால் பிட் உள்ளே இறங்கும். ஜாக்கி வைத்து வண்டி தூக்குகிற கணக்குத்தான். கடையில் செய்யும்போது சிலர் தாங்கி தேடாமல் எதிர்ச் சுவரிலேயே திருகை முட்டக் கொடுக்கிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவராயிருந்தால் திருகு சுவருக்குள் போய்விடும், இரும்புக்குள் போகாது! குறைந்தது ஒரு கனமான பலகையாவது இடையில் வைக்க வேண்டும். லேத் பட்டறையில் சொன்னால் தடித்த பட்டை இரும்பை 'ப' வடிவில் வளைத்துத் தாங்கி செய்து தருவார்கள். ஒரு முறைச் செலவு. பல காலம் வரும்.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறோம். குறி வைத்த இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து ஆழமாகக் குத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிட் வழுக்கி அலையும். சாதாரண கை மின் டிரில் இருந்தால் கால் அங்குலத்தில் வழித்துளை ஒன்று முதலில் போட்டுக்கொள்வது நல்லது. பிட்டின் நடு முனை உண்மையில் வெட்டுவதில்லை, இரும்பை நசுக்கத்தான் செய்கிறது. அந்த உழைப்பு வழித்துளையால் மிச்சமாகிறது. பிறகு ராட்செட்டைப் பொருத்தி, திருகை அளவாக இறுக்கி, ஒரே சீராக இழுக்க வேண்டும். வருகிற சீவலைப் பார்த்தே வேலை எப்படி நடக்கிறதென்று சொல்லிவிடலாம். சுருள் சுருளாக வந்தால் சரி. மாவு போல உதிர்ந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது அழுத்தம் போதவில்லை. அழுத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் மெருகேறிக் கடினமாகி, பிறகு நல்ல பிட்டுக்கும் இடம் கொடுக்காது.

எண்ணெய் அவசியம். இதற்கென்று தனி எண்ணெய் விற்கிறார்கள். ஆனால் இவ்வளவு மெதுவாகச் சுற்றும் வேலைக்கு நம் கடையிலுள்ள கடலை எண்ணெயே போதும். தாவர எண்ணெய்க்கு வழுக்கும் குணம் அதிகம். வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும்; விட்டால் பிசினாகிப் போகும்.

பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். மிச்சமிருக்கும் மெல்லிய இரும்பு பிட்டைக் கவ்விக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் பிட் உடையும், நம் விரல் முட்டியும் சுவரில் இடிபடும். கடைசிக் கட்டத்தில் திருகைத் தளர்த்திக் குறுகிய இழுப்பாக இழுக்க வேண்டும். துளை முடிந்ததும் அதைவிடப் பெரிய பிட்டை வைத்து இரு பக்க விளிம்பையும் லேசாகச் சுரண்டி மழுக்கிவிட்டு, ரெட் ஆக்ஸைடு பூசிவிட்டால் ஆயிற்று. நமக்கு முதல் துளைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நாலாவது துளை அரை மணிக்குள் முடிந்தது. கை வலி இரண்டு நாள் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

எங்கே துளை போடுவது என்பது எப்படிப் போடுவது என்பதைவிட முக்கியம். இரு சுவர்களில் தாங்கிய உத்திரத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பாகம் இழுபடுகிறது, மேல்பாகம் நசுங்குகிறது. இழுப்பு அதிகமாக இருப்பது நடு நீளத்தில், அடித்தட்டில். ஆகவே அடித்தட்டின் நடுவில் துளை போட்டுக் கொக்கி மாட்டுவது நம் கழுத்துக்கு நாமே கத்தி வைப்பது. துளை அவசியமென்றால் நடுத் தண்டில், அதாவது மேல் தலைக்கும் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய பாகத்தில், உயரத்தின் பாதியில் போட வேண்டும். அங்கே இழுப்பும் நசுக்கலும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மிகக் குறைவாயிருக்கும். சுவருக்கு மிக அருகிலும் வேண்டாம். அங்கே தண்டின் மேல் வேறு வகைப் பாரம் வருகிறது.

உண்மையில் துளையே போடாமல் தப்பிக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. 'யூ' போல்ட், கிளாம்ப் ஆகியவற்றால் தண்டவாளத்தைச் சுற்றிக் கவ்வினால் பாதி வேலைகள் முடிந்துவிடும். தண்டவாளத்தின் நுனிகளில் ஃபிஷ் பிளேட்டுக்காக ரயில்வே போட்ட துளைகளும் இருக்கும். அவை சரியான உயரத்தில், சரியான முறையில் போட்டவை. ஆனால் நம் நாட்டில் அகலப் பாதைத் தண்டவாளம் 13 மீட்டர், மீட்டர் பாதைத் தண்டவாளம் 12 மீட்டர் என்ற நீளத்தில் வந்தவை. நடுவில் வெட்டிய துண்டு நம் கைக்கு வந்தால் அதில் துளை இருக்காது. இருக்கிற துளைகளையும் சும்மா நம்பிவிடக் கூடாது. துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வந்து வெள்ளைத் தூளின் மேல் கோடாகத் தெரியும். அப்படிக் கோடு தெரிந்த துண்டை வாசற்படிக்கு வேண்டுமானால் போடலாம். தலைக்கு மேல் வேண்டாம்.

பட்டு ஜவுளி வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேஸ் வெட்டும் பொறி 35 அடி வரை போய் விழலாம் என்று வைத்துத்தான் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு விதி எழுதுகிறார்கள். நம் கடைகளில் 35 அடிக்குள் அடங்காதது எது? பட்டு, பருத்தியைப் போலப் பற்றி எரிவதில்லை. கருகிச் சுருண்டு நின்றுவிடும். ஆனால் ஒரு பொறி விழுந்த புடவையை யார் வாங்குவார்கள்? தீ பிடிப்பது அதைச் சுற்றியுள்ள அட்டைப் பெட்டி, காகிதம், பாவு நூல், சாக்கு. ராட்செட்டில் நெருப்பு இல்லை என்றாலும் எண்ணெய் தோய்ந்த சீவல் விழும். பட்டில் பட்டால் எண்ணெய்க் கறை ஒரு பக்கம், துரு இன்னொரு பக்கம். ஆகவே கீழே பழைய பாயை விரித்து, சீவலைக் காந்தத்தால் பொறுக்கிவிடுங்கள்.

இந்தக் காலத்தில் கையால் இழுக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காந்தத்தால் இரும்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் மின் டிரில் வாடகைக்குக் கிடைக்கிறது. கர்டரின் தட்டையான பக்கத்தில் ஓரிரு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். கர்டருக்கு நாமும் அதையே சொல்வோம். தண்டவாளத்தின் நடுத் தண்டிலோ காந்தம் உட்காரத் தட்டையான இடம் போதாது. சாதாரண மின் டிரில்லைக் கையில் பிடித்து, ஏணி மேல் நின்றுகொண்டு, பெரிய பிட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் பிட் சிக்கும் கணத்தில் டிரில் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். ரயில்வேயிலும் இப்போது பெட்ரோல் இயந்திரத் துளைப்பான்கள் வந்துவிட்டன. ஆனால் அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு நிற்பவை, நம் தோளை நம்பியவை அல்ல.

விலைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மீட்டர் பாதையில் பெரும்பாலும் இருந்த கெஜத்துக்கு 60 பவுண்டுத் தண்டவாளம் மீட்டருக்கு 29.76 கிலோ, 12 அடித் துண்டு சுமார் 109 கிலோ. கெஜத்துக்கு 90 பவுண்டு உள்ளதானால் அதே நீளத்துக்கு 163 கிலோ. ஆறு அங்குலக் கர்டரோ மீட்டருக்கு 15 கிலோ, 12 அடிக்கு 55 கிலோதான். தொய்யாமல் நிற்பதில் இந்தக் கர்டரும் 60 பவுண்டுத் தண்டவாளமும் ஏறக்குறைய ஒன்றே. கர்டரின் கூடுதல் உயரம் எடையை ஈடு செய்துவிடுகிறது. காயலான் கடையில் கிலோ விலை குறைவு என்று மகிழ்ந்து, இரு மடங்கு கிலோவுக்குப் பணம் கொடுத்து, தூக்கி வைக்க நாலு ஆள் கூடுதலாகக் கூலி கொடுத்தால் லாபம் எங்கே? புதிதாகப் பரண் போடுவோருக்கு நம் அபிப்பிராயம் கர்டர்தான். பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொட்டலமிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பங்கள் சந்தைக்கு வந்தன அல்லவா? அப்படி 60 சிப்பம் ஏற்றினால் ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது. எந்த உத்திரம் வைத்தாலும் அளவை ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தண்டவாளம் வாங்குவோர் மறக்கக் கூடாத இன்னொன்று பில். ஆரணி ஊருக்குள் ரயில் வந்ததில்லை. நமக்கு ஸ்டேஷன் களம்பூர்ப் பக்கத்து ஆரணி ரோடுதான். 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தில் நாடெங்கும் மீட்டர் பாதைகள் அகலப் பாதையாக மாறியபோது பழைய தண்டவாளங்கள் ஏராளமாகக் கழிக்கப்பட்டன. நம் காட்பாடி–விழுப்புரம் பாதையும் அவ்வாறு மாறியதே. கழித்த இரும்பை ரயில்வே ஏலத்தில்தான் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து கைமாறிக் காயலான் கடைக்கு வருவது முறையான சரக்கு. முறையற்றதும் உண்டு. 1966-ஆம் ஆண்டு ரயில்வே உடைமைச் சட்டத்தின்படி, திருடியது என்று நியாயமாகச் சந்தேகப்படக்கூடிய ரயில்வே பொருள் ஒருவர் வசம் இருந்தால், அது முறையாக வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். "எனக்குத் தெரியாது, கடையில் வாங்கினேன்" என்று வாயால் சொன்னால் போதாது. பில்லில் தண்டவாளம் என்றும், எடையும், விற்றவர் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கட்டும். 'பழைய இரும்பு' என்று மட்டும் எழுதித் தந்தால் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பில்லைக் கடை வாடகைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பரண் இருக்கும் வரை அதுவும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே கேஸ் வைத்துத் துளைத்தவர்கள் என்ன செய்வது? நாம் செய்ததைச் சொல்கிறோம். அந்த நான்கு துளைகளையும் ராட்செட்டால் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக்கினோம். இறுகிய வளையம் சீவலாகப் போய்விட்டது. முதல் சில இழுப்புக்குப் பிட் கீச்சிட்டது, பிறகு சுருள் வந்தது. நடுவிலிருந்த ஒரு துளையில் மட்டும் சுண்ணத்தூளின் மேல் மயிரிழைக் கோடு தெரிந்தது. அந்தத் தண்டவாளத்தை இறக்கிவிட்டுக் கர்டர் போட்டோம். இறக்கிய துண்டு இன்னும் கடைப் பின்புறம் கிடக்கிறது. அதன் பில்லும் பத்திரமாக இருக்கிறது.